சுவிட்சுக்குக் காவல்

நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஏசி கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மஞ்சுளா அக்கா இறந்த செய்தி எனக்கு வந்தது. நான் வேலை செய்யும் ஏசி கடை முதலாளியின் மனைவி போனில் கூப்பிட்டார். "எஸ்தரு, மஞ்சுளா போயிட்டாம்மா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில. காலைல." ஏணியில் நின்ற எங்கள் கடை மெக்கானிக் பாபு அண்ணன் இரண்டு கைகளையும் மிஷினுக்குள் விட்டிருந்தார். நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் வேலையை முடித்து, கைகளை வெளியே எடுத்து, ஏணியை விட்டு இறங்கும் வரை நான் அங்கேயே நின்றேன். அதன் பிறகுதான் சொன்னேன்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று அண்ணன் கத்தினார். கத்திக்கொண்டே உட்கார்ந்து அழுதார். அக்காவாக இருந்தால் என்னைக் கேட்டிருக்க மாட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தவரே அவர்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுக்கு அக்கா வந்திருக்கிறார். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரின் முன்னால் வாளியும் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு வருவாரே, அவர்தான். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் எங்கள் இரண்டு பேரைத்தான் கடையிலிருந்து அனுப்புவார்கள். அவர் உங்களிடம் நிறையப் பேசியிருப்பார். என் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டவள். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்கு வாய் திறக்காது. கடையில் சேர்ந்த முதல் நாள் அக்கா என் பெயரைக் கேட்டார். சொல்வதற்கு எனக்கு வெகுநேரம் ஆனது. "சரிதான், ஊமச்சி. எனக்கு வாய் ஜாஸ்தி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு" என்றார். பிறகு தன் வலது உள்ளங்கையைக் காட்டினார். நடுவில் தோல் சுருங்கி, வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. "கரண்டு போச்சுனு நெனச்சி எவனோ சுவிட்ச போட்டுட்டான். என் கை உள்ள கீது. அதான் சொல்றேன், நான் கைய எடுத்துட்டேன்னு சொல்ற வரிக்கும் அந்த எடத்த வுட்டு நவுராத."

அணுபுரத்தில் ஒரு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருந்தார். மெயினை நிறுத்தியதால் மின்விசிறியும் நின்றுவிட்டது. வேர்த்துப்போய் வந்தார். "யாரும்மா மெயின ஆஃப் பண்ணது? தள்ளு" என்றார். எனக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்ல வரவில்லை. திரும்பி, சுவிட்ச் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் சத்தம் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் நகரவில்லை. அக்கா உள்ளே இருந்து வந்து பார்த்தார். "சார், அது எங்க கடை பூட்டு சார். சாவி என்னாண்ட கீது" என்றார். சார் சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில், காற்றில் பாதி வார்த்தை பறக்க, அக்கா சொன்னார்: "பேச வரலன்னா போவுது. நவுராம நின்ன பாரு, அது போதும்." அன்றிலிருந்து ஊமச்சி என்ற பெயர் போய்ப் பூட்டு என்ற பெயர் வந்தது.

மகாபலிபுரம் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளுக்குப் போனால் அக்கா முதலில் மாடிக்கு ஏறி வெளி மிஷினைத்தான் பார்ப்பார். உப்புக் காற்று அதன் மெல்லிய தகடுகளைத் தின்றிருக்கும். விரல் பட்டால் அப்பளம் மாதிரி உதிரும். அவர் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். "கடலுக்குப் போயிட்டு வந்த இன்ஜினுக்கு நல்ல தண்ணி காட்டாம எங்க நைனா சோறு துன்ன மாட்டாரு. இதுவும் தெனம் கடலுக்குப் போவுது, மாடில நின்னுகினே" என்று சொல்லி, அழுத்தம் குறைவாகத் தண்ணீர் விட்டு, மேலிருந்து கீழாகக் கழுவுவார். பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று வைத்திருந்தார். அந்தப் பிரஷை வேறு யாரும் தொட்டால் பிடிக்காது. ஒருமுறை பாபு அண்ணன் அதை எடுத்துச் சட்டைத் தூசியைத் தட்டினார். அன்று முழுவதும் அக்கா அவரிடம் பேசவில்லை. அவருக்குக் கோபம் சீக்கிரம் வரும், மெதுவாகத்தான் போகும்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. "இந்த மிஷினு குளிர செய்யுதுனு ஊரே நெனச்சிகினு கீது. அது உள்ள கீற சூட்ட எடுத்துகினு போயி வெளிய கொட்டுது, அவ்ளோதான். கொட்ற வழிய அடச்சா சூடு எங்க போவும்?" நூறு முறை கேட்டதுதான். அது எனக்குத் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

காய்ச்சல் என்றுதான் படுத்தார். இரண்டொரு நாளில் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னார். மதியம், பாபு அண்ணன் வருவதற்கு முன்பே, நான் குப்பத்துக்குப் போனபோது, வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் இருந்தார்.

அவருக்கு ஒரே தம்பி. அக்காதான் வளர்த்தார். அவன் மங்களூர்ப் பக்கம் ஆழ்கடல் போட்டில் வேலை செய்கிறான். போட் கரைக்கு வந்து, அவன் ரயில் பிடித்து, மறுநாள் காலையில்தான் வர முடியும். அதுவரை வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். ஆனால் வெயில் ஏற ஏறக் கண்ணாடிக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்க ஆரம்பித்தது. பெட்டி உறுமும், நின்றுவிடும். மறுபடி உறுமும், நின்றுவிடும். பெட்டிக்காரருக்குப் போன் போட்டார்கள். "வேற பொட்டி இல்லமா, எல்லாம் வெளிய போயிருக்குது" என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அக்காவின் அம்மாவிடம் குனிந்து, "தாங்காது ஆயா. சாயங்காலமே எடுத்துடலாம்" என்றார். அம்மா, "எம் புள்ள மூஞ்ச பாக்கணும் நைனா, அக்கா மூஞ்ச பாக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் பெட்டியின் காலடிப் பக்கம் போய்க் கையை நீட்டினேன். மாலைகள் அங்கேதான் குவிந்திருந்தன. வந்தவர்கள் எல்லாரும் கால்மாட்டில் போட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்த மாலைகளுக்குப் பின்னால்தான் மிஷின் சூட்டை வெளியே விடும் ஜன்னல் இருந்தது. பூவை விலக்கினால் தீ மாதிரி சூடு. ஜன்னலுக்குள் தூசியும் முடியும் கம்பளி போல அடைத்திருந்தன. கொட்டுகிற வழி அடைபட்டிருந்தது.

அத்தனை பேருக்கு நடுவில் மாலைகளை எடுத்துத் தரையில் வைத்தேன். "ஏ பொண்ணு, இன்னா பண்ற? சாமி மாதிரி படுத்துகினு கீறா, மாலய எட்த்து கீழ போடற!" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். குரல் உடைந்து வந்தது, ஆனால் வந்தது.

"நான் அக்காகூட வேல செய்றவ. மிஷினு அடச்சிருக்குது. கரண்ட நிறுத்திட்டுக் கிளீன் பண்ணணும். யாரும் சுவிட்ச தொடாதீங்க."

உள்ளே போய் அக்காவின் பையிலிருந்து அந்தப் பிரஷையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து வந்தேன். பிளக்கைப் பிடுங்கப் பார்த்தேன், முடியவில்லை. வயரைச் சுவரிலேயே முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். சுவிட்சை மட்டும்தான் நிறுத்த முடிந்தது. அதே பலகையில்தான் பந்தல் விளக்கு, ஃபேன் எல்லாம். யார் வேண்டுமானாலும் வந்து தட்டுவார்கள். என் கை உள்ளே இருக்கும். எப்போதும் நான் நிற்கும் இடத்தில் நிற்க விவரம் தெரிந்த ஆள் இல்லை. நான் சுற்றிப் பார்த்தேன். அப்போது அக்காவின் அம்மா தரையில் கையூன்றி எழுந்தார்.

"நீதான பூட்டு? எம் பொண்ணு சொல்லும்" என்றார். போய்ச் சுவிட்ச் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். "நீ கைய வுடு."

ஜன்னல் மூடியைக் கழற்றினேன். அக்கா செய்வது போலவே மேலிருந்து கீழாகப் பிரஷ் போட்டேன். கம்பளி கம்பளியாக வந்தது. உள்ளே வளைந்திருந்த மெல்லிய தகடுகளை ஒரு சீப்பின் பல்லால் நிமிர்த்தினேன். கண்ணாடிக்குள் அக்காவின் பாதம் என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. முடித்ததும், அக்கா வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை நான் சொன்னேன். "கைய எடுத்துட்டேன், போடுங்க."

மிஷின் ஓடியது. நிற்கவில்லை.

அம்மாவும் நிற்கும் இடத்தை விட்டு வரவில்லை. "யாருனா தெரியாம ஆஃப் பண்ணிடுவாங்க" என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை தம்பி வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். அக்காவின் முகம் அப்படியே இருந்தது.

எடுக்கும் நேரம் வந்தது. பெட்டியை நிறுத்த வேண்டும். அம்மா முதுகைச் சுவரில் இன்னும் அழுத்திக்கொண்டார். பெரியவர் சொன்னார், தம்பி சொன்னான், நகரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். "போதும்மா. தம்பி பாத்துட்டாரு. நவுருங்க" என்றேன். என் குரல் இவ்வளவு தெளிவாக வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. இதைச் சொல்வதற்காக அது வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அம்மா நகர்ந்தார். சுவிட்சை நான்தான் நிறுத்தினேன்.

அந்தப் பிரஷை அம்மா எனக்கே கொடுத்துவிட்டார். அதை யாரும் தொட்டால் எனக்கும் இப்போது பிடிப்பதில்லை. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இப்போது தனியாகத்தான் போகிறேன், ஏணியில் ஏறுவது நான்தான். கையை உள்ளே விடும் முன் சுவிட்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும்போது உங்களில் ஒருவரை அங்கே நிற்கச் சொல்வேன். நீங்கள் பேசவே வேண்டாம். நகராமல் நின்றால் போதும்.