இன்னும் இரண்டு சீவல்

காலை உணவுக்கு வரும்போதே பிரோஷ்காவின் வாயில் சீவாளி இருக்கும். இடது கையில் தட்டு, வலது கையில் முட்டை எடுக்கும் இடுக்கி, உதட்டோரம் அந்தச் சின்ன நாணல் துண்டு. வூஹான் ஓட்டல் சமையல்காரர் அதைப் பல்குச்சி என்று நினைத்து, சாப்பிடுவதற்கு முன்பே பல் குத்துகிறாரே இந்த அம்மா என்று சிரித்தார். பிரோஷ்காவும் சிரித்தார். சீவாளி விழவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

ஹங்கேரியில் ஒரு நடுத்தர ஊரின் இசைக்குழுவில் அவர் முதல் ஓபோக்காரர். வயது ஐம்பத்து நான்கு. ஓபோவை நாகஸ்வரத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதற்கும் உயிர் சீவாளியில்தான். ஒவ்வொரு புத்தாண்டை ஒட்டியும் குழு சீனாவுக்கு வந்துவிடுகிறது. எழுபது பேர், பதினெட்டு நாள், பதினான்கு ஊர். பிரோஷ்காவுக்கு இது ஒன்பதாவது பயணம். பெருஞ்சுவரை இன்னும் பார்க்கவில்லை. கேட்டால், "அது எங்க ஓடிப்போகப் போகுது? இந்தச் சீவாளிதான் நாளைக்கு இருக்காது" என்பார்.

ஊர்களை அவர் உதட்டால் நினைவு வைத்திருக்கிறார். குவாங்சோ என்றால் தேநீரில் விழுந்த பிஸ்கட். சாங்ஷா, "ஈரத்துணியைக் கடிச்ச மாதிரி." ஹார்பினில் அரங்கைச் சூடாக்கியே காற்றை வறுத்துவிடுவார்கள்; அங்கே சீவாளி பழைய ரொட்டி, தொட்டால் உதிரும். எந்த ஓட்டல் அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகக் குளியல்தொட்டியில் வெந்நீரைத் திறந்து விடுவார். குளிப்பதற்காக இல்லை. காற்று கொஞ்சம் நனையட்டும் என்று.

பிறகு மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து கத்தியை எடுப்பார். மரப்பிடி போட்ட சின்னக் கத்தி. இருபத்திரண்டு வருடம் தீட்டித் தீட்டி, அலகின் அகலம் பாதியாகிவிட்டது. நாணலில் அவர் சீவி எடுப்பது தூசு. இரண்டு சீவல், விளக்குக்கு நேரே பிடித்து ஒரு பார்வை, பிறகு வெறும் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதுவார். காகம் கரைவது போல ஒரு சத்தம் வரும். நல்ல காகம் எது, கெட்ட காகம் எது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து அறைக்காரருக்கு எல்லாம் ஒரே காகம்.

பக்கத்து அறைக்காரர் பெரும்பாலும் திபோர். இரண்டாவது ஓபோ. பதினொரு வருடமாகப் பக்கத்து நாற்காலியும் அவருடையதுதான். சீனத்து அரிசிக் கஞ்சியில் சொந்த டப்பாவிலிருந்து பாப்ரிக்கா மிளகாய்த்தூள் கொட்டிச் சாப்பிடுகிற மனிதர். கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முப்பது சீவாளி செய்து பெட்டியில் அடுக்குவார். எல்லாம் தடித்தவை. அதற்குப் பிறகு அவற்றைத் தொடவே மாட்டார். பயணத்தில் அவரிடம் கத்தியே கிடையாது.

"உன்னோடது சீவாளியா? கதவுப் பலகை" என்பார் பிரோஷ்கா. "அதுல வாத்துதான் கத்தும்."

"வாத்துக்கும் மாசாமாசம் சம்பளம் வருதே" என்பார் திபோர்.

ரயில் பயணத்துக்கென்று குழுவில் ஒரு விதி உண்டு. முந்தைய நாள் கச்சேரி முடிந்ததுமே கத்தி, கத்தரி, திருப்புளி எல்லாம், ஆள் உயர டபுள் பாஸ் வாசிக்கும் ஓடனின் வாத்தியப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெட்டி லாரியில் போகும். சீன ரயில் நிலையங்களில் எந்தப் பையும் சோதனை இயந்திரத்துக்குள் போகாமல் தப்பாது. பிரோஷ்காவுக்கு இந்த விதி மனப்பாடம். ஆனால் பாதி செய்த தடிப்பான சீவாளி ஒன்று கையில் இருந்தது. அடுத்த ஊரான தையுவானின் வறண்ட காற்றில் வைத்து இன்னும் இரண்டு சீவல் போட்டால் மறுநாள் சாயங்காலத்துக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. கத்தியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். லாரி போய்விட்டது.

மறுநாள் நிலையத்தில் வெள்ளைக் கையுறை போட்ட பெண் அதிகாரி பையைத் திறந்தார். ஒன்பது வருடமாகக் குழுவுக்கு வழிகாட்டும் லின் ஓடி வந்தார். வாத்தியம் வாசிக்கிற எல்லோரும் அவருக்கு 'டீச்சர்'தான்.

"டீச்சர், இது கத்தின்னு சொல்றாங்க."

"கத்திதான். ஆனா யாரையும் வெட்டாதுன்னு சொல்லுங்க. நாணலை மட்டும் சீவும்."

லின் சொன்னார். அதிகாரி அலகைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"நாணலைச் சீவுறது எதை வேணாலும் சீவுமாம், டீச்சர்."

பிரோஷ்கா வாயிலிருந்த சீவாளியைக் காட்டினார். புரியவில்லையோ என்று, அங்கேயே நின்று ஒரு காகம் ஊதிக் காட்டினார். வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், கத்தி மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து ஓடன் கத்தினார்: "பிரோஷ்கா, போன வருஷம் டிரம்பெட்காரனைக் குத்திடுவேன்னு சொன்னியே, அதையும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?"

"வாயை மூடு, ஓடன்!"

கத்தியை விட்டுவிட்டுப் போகலாம், அல்லது தபாலில் அனுப்பலாம். ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம். பயணம் முடிகிற ஷாங்காய் ஓட்டலின் முகவரியை லின் எழுதிக் கொடுத்தார். ஆறு நாள் கழித்துக் கிடைக்கும். அதிகாரி கத்தியைக் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளில் பொறுமையாகச் சுற்றி இரண்டு முறை நாடா ஒட்டினார்.

"அவ்வளவு இறுக்காதீங்க" என்றார் பிரோஷ்கா, ஹங்கேரிய மொழியில். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

ரயிலில் ஐந்து மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வயல்களில் பச்சை குறைந்தது. பிறகு மண் தெரிந்தது. பிறகு மண் மட்டும் தெரிந்தது. ஈரம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அவர் நாக்கு சொல்லிக்கொண்டே வந்தது.

தையுவான் அரங்கில் மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. சிம்பனியின் இரண்டாம் பகுதி ஓபோவில்தான் தொடங்குகிறது. நாற்பது வினாடி, பிரோஷ்கா மட்டும். வூஹான் ஈரத்துக்காக மெலிதாகச் சீவிய சீவாளி, இந்த வறண்ட காற்றில் வாய் மூடிக்கொண்டது. உச்ச சுரத்தில் நூல் போல இழுத்து அறுந்தது. இசைக்குழுவின் நடத்துநர் கையிலிருந்த கோலைத் தாழ்த்தினார். செல்லோக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

திபோர் தன் பெட்டியைத் திறந்து நீட்டினார். "ஒண்ணு எடுத்துக்கோ."

"அடுத்தவன் பிரஷ்ல நீ பல்லு விளக்குவியா?"

"அவசரம்னா விளக்குவேன்."

பிரோஷ்காவிடம் அந்தப் பாதி செய்த சீவாளி இருந்தது. தடிப்பானது, சீவினால் தேறும். மேடைப் பணியாளரிடம் அட்டைப்பெட்டி கிழிக்கும் பிளேடை வாங்கிக்கொண்டு ஒப்பனை அறைக் கண்ணாடி முன் உட்கார்ந்தார். லாரியிலிருந்து இறக்கிய ஓடனின் பெட்டியில் எல்லோருடைய கத்தரியும் திருப்புளியும் இருந்தன. நாணல் சீவும் கத்தி இல்லை. முதல் சீவல் சரி. இரண்டாவதும் சரி. நான்காவது சீவலில் முனையின் ஒரு மூலை அப்படியே பெயர்ந்து மேசையில் விழுந்தது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கச்சேரியின் முதல் பாதியை மெலிந்த சீவாளியை வைத்தே ஒப்பேற்றினார். சிம்பனி இடைவேளைக்குப் பிறகுதான்; முதல் பாதியில் ஓபோவுக்குப் பெரிய வேலை இல்லை. குழு முழுவதும் சுருதி சேர்க்க அவர் கொடுக்கும் சுரம்கூட ஒல்லியாகத்தான் வந்தது. வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளை இருபது நிமிடம். திபோர் சுவரில் சாய்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். பிரோஷ்கா எதிரே போய் நின்றார்.

"இங்க காத்து ரொம்பக் காஞ்சு கிடக்கு."

"ஆமா."

"தடிச்ச சீவாளிதான் தாங்கும்."

"சாயங்காலத்துலேருந்து அதைத்தான் சொல்லாம இருக்கேன்."

மூன்று எடுத்துக் கொடுத்தார். பிரோஷ்கா ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்து ஊதிப் பார்த்தார். மூன்றாவதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"எப்படி?" என்றார் திபோர்.

"அசிங்கம்." ஓபோவில் பொருத்தினார். "ஆனா உடையாது."

சிம்பனியின் இரண்டாம் பகுதி வந்தது. நடத்துநரின் கோல் அவரைப் பார்த்துத் திரும்பியது. முதல் சுரம் பிறக்கக் கொஞ்சம் தாமதித்தது. பிரோஷ்கா வழக்கத்தைவிட அதிகமாக மூச்சைத் தள்ள வேண்டியிருந்தது. வந்த குரல் அவருடையது இல்லை. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, குளிர்காலத்தில் தாழப் பேசுகிற ஆள் மாதிரி இருந்தது. பத்தாவது வினாடியில் உதட்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டார். அந்தக் குரல் போகிற வழியிலேயே போனார். உச்ச சுரம் வந்தது. அறுபடாமல், முழுசாக வந்தது. வயலின்கள் மெல்ல அதைக் கைமாற்றி வாங்கிக்கொண்டன.

மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்ட முடியாது. கூட வாசிப்பவர் நன்றாக வாசித்துவிட்டால் காலணியைத் தரையில் மெதுவாகத் தேய்ப்பார்கள். சபைக்குக் கேட்காது, பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும். முதலில் புல்லாங்குழல் பக்கம் கேட்டது. பிறகு பின்வரிசை. பிறகு ஓடனின் பெரிய காலணி. வாசித்தவர் மட்டும் கால் அசைக்காமல் இருப்பதுதான் வழக்கம். பிரோஷ்கா சீவாளியை உதட்டிலிருந்து எடுத்தார். கண் நடத்துநர் மேல் இருந்தது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருடைய இடது காலணி மட்டும் திபோரின் நாற்காலிப் பக்கமாக நகர்ந்து, தரையில் இரண்டு முறை மெல்லத் தேய்ந்தது.