ஆறிய காப்பிக்கு அத்தனை அடைமொழி

இன்று எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் கூனிக் குறுகி நின்றேன், நண்பர்களே.

போன வாரம் பிளாட்பாரத்தில் காதர் பாய் கடையில் வாங்கிய காப்பி ஆறியிருந்தது. பி.ஏ. படித்த திமிரில் புகார்ப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதினேன். ‘அட்டர்லி’, ‘ஷாக்கிங்லி’, ‘டிஸ்கிரேஸ்ஃபுல்லி’ என்று தெரிந்த கனமான சொற்களையெல்லாம் அடுக்கினேன். படித்துப் பார்த்து நானே ரசித்தேன்.

இன்று கொடைரோடு போக டிக்கெட் எடுக்கப் போனால், பாயின் கடை பூட்டிக் கிடந்தது. என் புகாரை விசாரிக்க வந்த ரயில்வே அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நான் எழுதியதை உரக்கப் படித்தார்.

பக்கத்தில் நின்ற காதர் பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. முகம் வெளுத்து என்னைப் பார்த்தார்.

“தம்பி, நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? தமிழ்ல சொல்லுங்க.”

“காப்பி ஆறியிருந்துச்சு பாய்.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தான்.”

“இதை அன்னைக்கே சொல்லிருந்தா, செத்த நேரத்துல சுட வச்சுக் குடுத்திருப்பேனே தம்பி!”

அதிகாரி பேனாவை நீட்டினார். என் அடைமொழிகளை நானே ஒவ்வொன்றாக அடித்தேன். காப்பி ஆறியிருந்தது என்பது மட்டும் மிஞ்சியது. கடையைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “ரொம்ப...” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. பாய் அதற்குள் அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

நம்மில் இன்னும் யார் யார் இங்கிலீஷில் புகார் எழுதுகிறீர்கள்? வெட்கப்படத் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.