குப்புறக் கிடந்த கல்

போத்ஸ்கலா ஊருக்கு மேலே ஏறும் மலைப்பாதைகளில் முப்பத்து நான்கு வருடமாக வழிகாட்டும் குறி போட்டுவருகிறவர் ஸ்தோயான். பால் பண்ணையில் பாலாடைக்கட்டி புரட்டியது பிழைப்புக்காக. குறி போடுவது, மலைச்சங்கம் கேட்டுக்கொண்டதால் தொடங்கி, பிறகு யாரும் கேட்காமலே தொடர்ந்த வேலை. சிவப்பு வளையம், நடுவில் வெள்ளைப் பொட்டு. குறி அவ்வளவுதான். முதலில் வெள்ளை, அது காய்ந்த பிறகு சிவப்பு. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முன்னே இருந்தவர்கள் போட்டு மங்கிப்போன குறிகளைத் தேடித் தேடி, அந்தக் கல்லை ஏன் எடுத்தான், இந்தக் கல்லை ஏன் விட்டான் என்று நின்று யோசித்துப் பழகியவர்.

அப்படித் தேறிய விதிகள் சில. ஒரு குறியருகே நின்றால் அடுத்த குறி தெரிய வேண்டும், ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும். பாறை காய்ந்திருக்க வேண்டும். பாறை மலையோடு ஒட்டிய பாறையாக இருக்க வேண்டும். அசைகிற கல்லில் பிரஷ் படவே கூடாது.

"ஸ்தோயானோட குறியைப் பிடிச்சு வந்தா, குடிகாரன்கூட மேகத்துல வழி தப்பாம வீடு வந்து சேருவான்" என்று சாராயக்கடையில் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒரு காலத்தில் மீசைக்குள் சிரித்துக்கொண்டவர்தான். கடந்த இருபத்தொரு வருடமாக, யாராவது அதைச் சொன்னால் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மனுஷனுக்குத் தன்னடக்கம் என்றார்கள்.

இருபத்தொரு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில் போக்தான் மலையேறினான். மர அறுப்பு ஆலையில் வேலை பார்த்தவன். ஆலையில் மரம் உருண்டு நசுங்கியதிலிருந்து வலது காலை லேசாக இழுத்து நடப்பான். அன்று காலை மனைவி நேஷ்காவோடு ஏதோ வாய்த்தகராறு. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே வந்தவர்களிடம் போர்வீரர் சிற்றாலயம்வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் உலகப்போரில் மேலே செத்தவர்களுக்காக அவர்களோடு நின்ற வீரர்களே கட்டிய மரக்கோயில் அது. அதன் தகரப்பெட்டியில் ஏறுகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு இருக்கிறது. நோட்டில் போக்தானின் கையெழுத்து இருந்தது. கீழே, "மேகம் இறங்குகிறது" என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

ஐந்து நாள் தேடினார்கள். சிற்றாலயத்துக்குப் பின்னால் ஏறினால் கணவாய். அதைத் தாண்டினால் இத்தாலி. முன்னால் இறங்கினால் ஊர்ப்பாதை. அதில் கால் மணி நேரத் தொலைவில் ஒரு கவை பிரியும். இடப்பக்கம் ஊர். வலப்பக்கம் போர்க்காலத்துக் கோவேறு கழுதைப் பாதை, குண்டுகளும் தண்ணீரும் ஏற்றிப்போனது. அது பாதாளக்குழிகள் இருக்கும் மேட்டைக் கடந்து, வீரர்கள் பதுங்கிய ஒரு குகையில் போய் முடியும். சுண்ணாம்புப் பாறையை மழை தின்று தின்று உண்டாக்கிய குழிகள். கல்லைப் போட்டால் இரண்டு எண்ணிய பிறகுதான் சத்தம் வரும்.

தேடியவர்கள் அந்த வலப்பக்கம் போகவில்லை; வழி பழகியவர்கள், குறியை நின்று பார்க்கவும் இல்லை. கவையில் ஸ்தோயானின் குறி இருக்கிறதே, அதை விட்டுவிட்டு அங்கே எவன் போவான்? அப்படியானால் அவன் இறங்கவே இல்லை. கணவாய் ஏறி இத்தாலிக்குத்தான் போயிருக்கிறான். அங்கே நாற்காலித் தொழிற்சாலையில் முன்பு இரண்டு வருடம் வேலை பார்த்தவன்தான். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது.

ஸ்தோயான் மட்டும் ஒன்றைப் பார்த்திருந்தார். தேடலின் மூன்றாம் நாள், பூட்ஸ் கயிறு கட்டக் குழுவிலிருந்து பின்தங்கினார். கவையில் அவருடைய குறி இடப்பக்கம் இல்லை. ஆகஸ்டில் அதைப் போட வந்த அன்று மழை தூறி, பாறையெல்லாம் நனைந்திருந்தது. ஒரு தொங்குபாறைக்குக் கீழே ஒரு பலகைக்கல் மட்டும் காய்ந்திருந்தது. அதைக் கவையில் இழுத்துவைத்து, அடுத்த முறை நல்ல பாறையில் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் போட்டுவிட்டார். காய்ந்த கல் வேண்டும் என்ற விதியைக் காப்பாற்ற, அசையாத கல் வேண்டும் என்ற விதியை விட்டார். செப்டம்பரில் மேய்ச்சலிலிருந்து இறங்கிய செம்மறிகள் முண்டியடித்து அதைத் தள்ளியிருந்தன. கல் வழுக்கிப்போய் வலப்பக்கப் பாதையின் வாசலில் சாய்ந்து, இங்கே வா என்பதுபோல் வளையத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் அதைக் குப்புறத் தள்ளினார். முன்னால் போனவர்கள் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றார்.

எட்டாம் நாள் தனியாக வந்து, இடப்பக்கம் மலையோடு ஒட்டிய பாறையில் புதுக் குறி போட்டார். பிறகு பெரிய குழியின் விளிம்பில் படுத்து, போக்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் வீசியது. வேறொன்றும் வரவில்லை.

அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் அந்த நடை கேட்க ஆரம்பித்தது. சிற்றாலயத்தில் வேலை முடித்து இறங்கும்போது, பத்தடி பின்னால் சரளையில் ஓர் அடி, ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. அவர் நின்றால் அதுவும் நிற்கும். கவைவரை வரும், கவையைத் தாண்டி வராது. மேலே கேட்கும் சத்தத்தையெல்லாம் செத்த போர்வீரர்களின் நடமாட்டம் என்று ஊர் சொல்லிவிடும். எந்தப் போர்வீரனும் போக்தானைப்போல் வலது காலை இழுத்து நடந்திருக்க மாட்டான் என்பது ஸ்தோயானுக்குத் தெரியும். அந்தப் பகுதியில் குறி போட வேறு யாரையும் விடாமல், வருடந்தோறும் தானே தனியாகப் போய்வந்தார்.

இந்த ஜூலையில் மலைச்சங்கம் கழுதைப் பாதையைத் திறக்க முடிவு செய்தது. குகையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுகிறார்களாம். குழிகளுக்கு வேலி போட்டுவிடலாமாம். குறி போடும் பொறுப்பு ஸ்தோயானுக்கு. மாட்டுக்குப் புல் அறுத்து உலர்த்தும் காலம், கூடப்போக ஆள் இல்லை. சங்கத் தலைவர் பிரான்ட்செல் சிரித்துக்கொண்டே, "பெயிண்ட் தூக்க ஆள் கிடைச்சாச்சு, உன்னைவிட நல்லா நடக்கும்" என்றார். பின்னால் நேஷ்கா நின்றாள்.

போக்தான் காணாமல்போன நாளிலிருந்து அவள் மலைப்பக்கம் திரும்பியதில்லை. இப்போது அறுபதை நெருங்குகிறாள். சிற்றாலயத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். காரணத்தை ஊரே அறியும். நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரவர் ஆட்களுக்குச் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஏற்றுவார்கள். நேஷ்கா கையில் விளக்கோடு வந்து, சுவரோரம் நின்று, ஏற்றாமலே திரும்புவாள். உயிரோடு இருப்பவனுக்கு விளக்கு ஏற்றக் கூடாது. செத்தவனுக்கு ஏற்றாமலும் இருக்கக் கூடாது.

மேலே போனார்கள். சிற்றாலயத்தில் அவள் நோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது புது நோட்டு. இறங்கும்போது மேகம் வந்து மூடியது. பின்னால் ஓர் அடி, ஓர் இழுப்பு கேட்டது. ஸ்தோயான் நேஷ்காவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

கவையில், வலப்பக்கப் பாதை தொடங்கும் இடத்தில், முதல் குறிக்குப் பாறையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளைப் பொட்டை வைத்தார். அது காய அரை மணி நேரம் ஆகும். நேஷ்கா ரொட்டியைப் பிரித்து அவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

"இங்கேருந்து எங்க வீட்டுக் கூரை தெரியுமா?"

"மேகம் இல்லாட்டித் தெரியும்."

"அப்ப அன்னிக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியைக் கடித்து மென்றாள்.

அவர் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். இந்தப் பொட்டு காய்ந்து வளையம் போட்டுவிட்டால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் குழி, குழிக்கு வேலி. பிறகு சொல்வதற்கு இடமே இராது.

"நேஷ்கா, அவன் இத்தாலிக்குப் போகல."

அவள் மெல்வதை நிறுத்தினாள். அவர் எழுந்துபோய், இத்தனை வருடத்தில் வளர்ந்து மூடிய குட்டைப் பைன் புதருக்குள் குப்புறக் கிடந்த அந்தப் பலகைக்கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துப் புரட்டினார். மண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார். மற்ற குறிகளையெல்லாம் வெயில் தின்றுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார். வெயிலே படாத இந்த வளையம் நேற்றுப் போட்டதுபோல் சிவப்பாக இருந்தது.

"இது இந்தப் பாதை வாசல்ல நின்னுது. ஆடுங்க தள்ளிவிட்டிருக்கு. அசையுற கல்லுல போட்டது நான்தான். மேகத்துல இதைப் பார்த்துத்தான் அவன் இந்தப் பக்கம் திரும்பியிருப்பான். தேட வந்த மூணாம் நாள் பார்த்தேன். பார்த்துட்டுக் கவுத்துப் போட்டுட்டேன்."

நேஷ்கா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நாள்" என்றாள். "அப்ப உயிரோட இருந்திருப்பானா?"

"தெரியாது. நான் போய்க் கூப்பிட்டது எட்டாம் நாள்."

அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "இருபத்தொரு வருஷம் அவனைத் திட்டிக்கிட்டே சமைச்சேன். எவ துணி துவைச்சுப் போடுறாளோன்னு திட்டிக்கிட்டே துவைச்சேன். ஞாயித்துக்கிழமை தவறாம கோயில்ல எனக்குப் பின் பெஞ்சுல உக்காந்திருந்தீங்க நீங்க."

அவள் விரலால் வெள்ளைப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு. வளையத்தைப் போடுங்க."

"இந்தப் பக்கமா, நேஷ்கா?"

"இந்தப் பக்கம் போடச் சொல்லல. வெள்ளையைச் சுரண்டிடுங்க. அந்தப் பக்கம், வீட்டுக்குப் போற பக்கம், மங்கிப்போயிருக்கு பாருங்க. அதைப் போடுங்க. அடுத்தவன் வருவான்ல."

போட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட வளையங்களில் கோணலானது அது ஒன்றுதான். பிறகு அவள் கேட்க, பெரிய குழிக்குக் கூட்டிப்போனார். அவள் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தாள். குளிர்காற்று அவள் நரைமயிரைத் தூக்கியது. அவள் கூப்பிடவில்லை.

அன்றே பிரான்ட்செலிடம் எல்லாவற்றையும் ஸ்தோயான் தன் வாயால் சொன்னார். ஒன்பது நாள் கழித்துக் குகை மீட்புக் குழுவினர் கயிறு கட்டி இறங்கினார்கள். போக்தான் அங்கே இருந்தான். விழுந்தவுடனேயே உயிர் போயிருக்கும் என்று ஒருவர் நேஷ்காவிடம் ஆறுதலாகச் சொன்னார். இறங்கிய இளைஞன் மட்டும், யாரும் கேட்காமலே, பக்கத்தில் ரொட்டித் துணி நாலாக மடித்து, மேலே ஒரு கல் வைத்திருந்தது என்றான். ஸ்தோயானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நவம்பர் முதல் தேதி நேஷ்கா சுவரோரம் நிற்காமல் உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். ஸ்தோயான் வாசலுக்கு வெளியே நின்றார். திரும்பும்போது அவள் அவரைத் தாண்டிப் போனாள்; பார்க்கவில்லை. சாராயக்கடையில் குடிகாரன் வீடு சேரும் கதையை இப்போது யாரும் சொல்வதில்லை. கழுதைப் பாதை திறக்கப்படவில்லை.

வசந்தத்தில் அவர் மறுபடி ஏறினார். சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சிற்றாலயத்திலிருந்து இறங்கும்போது பின்னால் ஓர் அடி, ஓர் இழுப்பு. கவையில் அவர் நின்றார்; அது நின்றது. கோணல் வளையத்தைப் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பி நடந்தார். அந்த நடை இந்த முறை அங்கே தங்கவில்லை. கவையைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, ஊரின் முதல் வேலிவரை அவர் பின்னாலேயே வந்தது. நேஷ்காவின் வீட்டுப் பக்கம் சந்து பிரியும் இடத்தில், ஓர் இழுப்பு சரளையில் அந்தப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.