யாருடைய அரிசி என்று கேட்டேன்

போனில் நடத்திய மில்

மகள் பிறந்தபின், முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழியும்வரை மில் வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அன்றே மில்லில் கமரா பூட்டச் செய்தேன்.

கிளிநொச்சியில் மாவும் தூளும் அரைக்கும் சிறிய மில் அது. இரண்டு மெசின். ஒன்றில் மா அரைப்போம், மற்றதில் மிளகாய்த்தூள். தொடங்கிய நாளிலிருந்து என்னுடன் வேலை செய்யும் வசந்தி அக்காவிடம் மில்லை விட்டிருந்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் போனில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் வரும், சத்தம் வராது. கண்ணில் ஏதாவது பட்டால் உடனே அழைப்பேன்.

"அக்கா, வாசல்லை சாக்குக் கிடக்கு."

"ஓம் பிள்ளை, எடுக்கிறன்."

"ஃபான் சும்மா ஓடுது அக்கா."

"அது எனக்குத்தான் ஓடுது பிள்ளை. வேர்க்குது."

நான் சிரிக்கவில்லை.

பயறு

ஒருநாள் அக்கராயனிலிருந்து ஓர் அம்மா வறுத்த பயறு கொண்டுவந்தார். மகளின் கல்யாணத்துக்குப் பயற்றம் பணியாரம் சுட மா வேண்டும். மா மெசினில் வேறொருவரின் அரிசி ஓடிக்கொண்டிருந்தது. தூள் மெசின் சும்மா நின்றது.

"மற்றதிலை போடுங்கோ அக்கா. அவாவை ஏன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று போனில் அழைத்துச் சொன்னேன்.

வசந்தி அக்கா பயறை எடுக்கவில்லை. ஒரு தகரப் பேணியில் அரிசி அள்ளித் தூள் மெசினுக்குள் கொட்டினார். நான் இல்லாத நேரம் தன் வீட்டு அரிசியை அரைக்கிறார் என்று நினைத்தேன்.

"ஆற்றை அரிசி அது?"

மெசின் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை.

"ஆற்றை எண்டாலும் நிப்பாட்டிப்போட்டுப் பயறைப் போடுங்கோ." போனை வைத்துவிட்டேன்.

படத்தில் அவர் கையிலிருந்த பேணியைக் கீழே வைத்தார். பிறகு பயறைக் கொட்டினார்.

தூள் அரைத்த மெசினில் மா அரைப்பதென்றால், முதலில் குறுணல் அரிசி ஓட்டிக் காரத்தை எடுக்க வேண்டும். அது மில்லின் அரிசி. அதற்கென்று மெசினுக்குப் பக்கத்தில் வாளி வைத்ததே நான்தான். என் கையால் எத்தனையோ தடவை செய்த வேலை. அன்று அவர் செய்தபோது எனக்கு அது களவாகத் தெரிந்தது.

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அந்த அம்மா மாவை நாக்கில் வைத்துத் துப்பினார். கைகளை விரித்து ஏதோ பேசினார். வசந்தி அக்கா தலைகுனிந்து நின்றார். அப்போது நான் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டிய ஒரே நேரம் அதுதான்.

துடக்குக் கழிந்தபின்

மில்லுக்குப் போனபோதுதான் மிச்சம் தெரிந்தது. வசந்தி அக்கா புதுப் பயறு வாங்கி, தன் வீட்டுக் குசினியில் வறுத்து, அரைத்து, அக்கராயனுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பிழை தன்னுடையது என்று சொல்லியும் இருக்கிறார்.

"ஏனக்கா என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. கல்யாண வீட்டுக்காரியின்ரை வாய்ப்பேச்சு அங்கை ஏன் வருவான்?"

அவரே தொடர்ந்தார்.

"நிப்பாட்டச் சொன்னது பெரிசில்லை. ஆற்றை அரிசி எண்டு கேட்டியள் பாருங்கோ, அதோடை எனக்குக் கை ஓடேல்லை. இனியும் அப்பிடிக் கேப்பியள் எண்டால் வேறை ஆளைப் பாருங்கோ, பிள்ளை."

மன்னிப்புக் கேட்டேன். கமராவைக் கழற்றிவிடவா என்றும் கேட்டேன்.

"அது கிடக்கட்டும், கள்ளன் வந்தால் பாக்கலாம். போனைத்தான் கொஞ்சம் வையுங்கோ."

பிறகொரு நாள் மகளுக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போனேன். மில் பூட்டின் திறப்பு வசந்தி அக்காவிடம் இருந்தது. போனை எடுப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தேன். அது தானாகவே அடித்தது. வசந்தி அக்கா. மெசின் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஊசி போட்டாச்சோ? பிள்ளை அழுதவளோ?"

"ஓம் அக்கா. அங்கை மில்..."

"மில் ஓடுது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பாத்துக்கொள்ளுங்கோ."

வைத்துவிட்டார். எத்தனையோ தடவை அவரை அழைத்த நான், ஒருநாளாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை.

வேலையாட்களை நம்பி ஓய்வெடுங்கள் என்று புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. இதை மட்டும் சொல்வேன்: போனை எடுத்தால், முதலில் அவர்களின் சுகத்தைக் கேளுங்கள். நானும் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.