விதிவிலக்கு எதுவும் இல்லை

என் கணவர் வீரராகவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி, கல்கத்தாவில் நாங்கள் குடியிருக்கிற பெஹாலா முழுக்கத் தேடினாலும் அகப்பட மாட்டார். கூட்டத்தில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் விட்டுவிட்டால், இறங்கிய பிறகும் பஸ் பின்னால் ஓடிப்போய்க் காசைக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷர். ஊரார் இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பயம் என்று நான் சொல்வேன். சொன்னால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், அதற்கும் பயம்தான்.

மாமனாருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் இவர் படித்தது, வளர்ந்தது எல்லாம் கல்கத்தாவில். பி.காம். முடித்த கையோடு கார்டன் ரீச்சில் மித்ரா பாபுவின் பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தார். கப்பல்களுக்கு வால்வு செய்கிற பட்டறை. அப்போது ஒரு தகரக் கொட்டகையும் சில லேத் மெஷின்களும்தான். தொண்ணூற்றைந்தில் முதலாளியை நச்சரித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்க வைத்து, கணக்கு சாஃப்ட்வேரைத் தானே கற்றுக்கொண்டு போட்டவர் இவர்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குத் துணி உறை தைத்துக் கொடுத்தது அடியேன்.

பத்து வருஷத்தில் பட்டறை பெருத்துப்போயிற்று. கொட்டகைகள் கூடின, ஹல்தியாவில் ஒரு கிடங்கு வந்தது. கணக்கு ஒன்றுதான் கம்ப்யூட்டரில். ஆர்டர்கள் ஒரு ஃபைலில், சரக்கு ஸ்டோர்காரரின் தலையில், ஆட்களின் வருகை வாசல் அட்டையில், சம்பளம் இவர் போடுகிற ஷீட்டில் என்று ஆளுக்கொரு பக்கம். இல்லாத வால்வை இருக்கிறதென்று சொல்லி ஒரு பெரிய ஆர்டர் கைநழுவிப் போனது. மித்ரா பாபுவுக்கு வெறுத்துவிட்டது. இரண்டாயிரத்து ஆறில், ஆர்டர், சரக்கு, கொள்முதல், வருகை, சம்பளம், கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிற புது சிஸ்டத்துக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தார். மாற்றித் தருகிற கம்பெனியிலிருந்து கௌசிக் என்கிற வங்காளி இளைஞன் வந்து உட்கார்ந்தான். இவருக்கு ஒரே குஷி. சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சுதான், ரசம் எது மோர் எது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டார்.

அந்தப் பட்டறையில் தமிழரசன் என்று ஒரு லேத் ஆபரேட்டர். அப்பா ரயில்வேயில் இருந்தவர், வேலூர்ப் பக்கம். அவனுக்கு மஹிமா என்று ஒரு பெண் குழந்தை, பிறவியிலேயே காது கேட்காது. காதில் மெஷின் வைத்து, டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்திருந்தான். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம்தான் வகுப்பு. இந்த வயதில் விட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று அங்கிருந்த டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் மனைவி கல்பனாவிடம் கைக்குழந்தை வேறு. எனவே அந்த இரண்டு நாளும் தமிழரசன் விடியற்காலையிலேயே வந்து லேத்தை ஓட்டி, தன் பங்கு வேலையை முடித்துவிட்டு மத்தியானம் கிளம்பிவிடுவான். ஃபோர்மேனுக்குத் தெரியும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வாசல் அட்டை மாதக் கடைசியில் இவர் கைக்குத்தான் வரும். அதைப் பார்த்துச் சம்பள ஷீட்டில் இவர் முழு நாள் என்று எழுதிவிடுவார். முதலாளியிடம் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. ஆயுளில் இவர் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான். குழந்தைக்கு 'மா' என்று சொல்ல வந்த அன்று கல்பனா குடியிருப்பு முழுக்க ரசகுல்லா கொடுத்தாளாம், எங்களுக்கும் ஒரு மண்சட்டியில் வந்தது.

பிறகுதான் அந்த மீட்டிங். மித்ரா பாபு எதிரில் உட்கார்ந்திருக்க, கௌசிக் கேட்டிருக்கிறான். "ஷிஃப்ட் எட்டு மணியிலிருந்து. இதுக்கு வெளியில வர்றவங்க, முன்னாடியே போறவங்க யாராவது உண்டா? விதிவிலக்கு இருந்தா இப்பவே சொல்லுங்க, தனி ஷிஃப்ட் போட்டுடலாம். பாபு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

தமிழரசன் பெயர் இவர் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. சொன்னால், இத்தனை நாள் அட்டையில் ஒன்று, ஷீட்டில் ஒன்று என்று நீயே எழுதினாயா என்று பாபு கேட்பாரே. பஸ் பின்னால் ஓடுகிற மனுஷருக்கு அதைத் தாங்க முடியுமா? "விதிவிலக்கு எதுவும் இல்லை, நம்மிடம் எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டார். பாபு முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

ஏப்ரலில் புது சிஸ்டம் ஓட ஆரம்பித்தது. வாசல் மெஷினில் அட்டையைத் தேய்த்தால் நேரே சம்பளத்தில் போய் விழுந்தது, நடுவில் இவர் கை இல்லை. எட்டு மணிக்கு முன்னால் வந்த நேரத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. செவ்வாய், வெள்ளி எல்லாம் அரை நாள். தமிழரசன் வந்து கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ஒத்துக்கல தமிழரசா, பாக்கறேன்" என்று சொல்லியனுப்பினார். அடுத்த மாதம் சம்பளப் பிடித்தத்தோடு எச்சரிக்கைக் கடிதமும் தானாகவே அச்சாகி வந்தது. அப்போதும் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். எதைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. வேலை போய்விடுமோ என்று பயந்து தமிழரசன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது செப்டம்பரில், விஸ்வகர்மா பூஜை அன்று. மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, குடும்பங்களை வரவழைத்துச் சாப்பாடு போடுவார்கள். லேத்துகளின் நடுவில் இவரை நிறுத்தி, புது சிஸ்டத்தைக் கொண்டுவந்த பெருமை வீரராகவன் பாபுவுக்கே என்று மித்ரா பாபு சால்வை போர்த்தினார். இவர் தலையே நிமிரவில்லை. அடக்கம் என்று நினைத்துப் பூரித்துப்போய் நின்றேன், அசடு மாதிரி.

கிச்சடி சாப்பிடும்போது கல்பனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மஹிமா அவள் புடவையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரைக் காட்டியது.

"ஏண்டி கல்பனா, இவதான் இப்ப நன்னாப் பேசறாளாமே?" என்று கேட்டேன்.

"எங்க மாமி. கிளாஸு நின்னு போச்சு. புது கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து அவரால போக முடியல. கைக்கொழந்தையோட நானே ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்ப் பாத்தேன், சின்னதுக்கு நெஞ்சு சளி கட்டிக்கிச்சு. ரொம்ப நாளு வரலன்னு எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க. வந்த வார்த்தையும் போச்சு மாமி, மறுபடி இழுத்து இழுத்துக் காட்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார் பாவம், எவ்வளவோ முயற்சி பண்ணாராம். அவங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

கிச்சடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டேன். இவர் முயற்சி செய்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, தமிழரசன் விஷயத்துல நீங்க என்ன முயற்சி பண்ணினேள்?"

சால்வையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், மீட்டிங்கில் கேட்டது, இவர் சொன்னது, முதுகில் தட்டியது வரை. "தெனம் சொல்லிடணும்னுதான் போறேன் ஷியாமளா. பாபு ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடறேன். அந்தக் குழந்தை மொகம் எனக்குத் தெரியாதா?" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"உங்க பேரு கெட்டுப்போகாம இருக்க ஒரு கொழந்தையோட வாயைக் கட்டிட்டேளே. நாளைக்குக் கார்த்தால பாபுகிட்ட சொல்லிட்டு அப்பறம் இந்தாத்துல சாப்பிடுங்கோ" என்றேன்.

மறுநாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனார். மித்ரா பாபுவின் முன்னால் நின்று, அட்டை, ஷீட், சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தாராம். பாபு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவுதானா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வீரராகவன்" என்று கேட்டுவிட்டு, கௌசிக்குக்கு ஃபோன் போட்டார். மேஜையில் இருந்த டீ ஆறுவதற்குள் தமிழரசனுக்குத் தனி ஷிஃப்ட் வந்துவிட்டது. திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றார் இவர்.

அங்கிருந்து நேராக லேத்துக்குப் போய்த் தமிழரசனிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான்.

"ரொம்ப நன்றி சார். ஆனா எடம் போயிடிச்சு. அடுத்த வருசம் வந்து பாருங்கன்றாங்க, அதுக்குள்ள அவளுக்கு வயசு ஏறிடும். பரவால்ல சார். எனக்காக எவ்ளோ அலைஞ்சிருப்பீங்க. கம்ப்யூட்டர் பண்றதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க."

அத்தோடு தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் நின்றார். அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் இவருக்குச் சோறு போடுகிறேன்.

"கம்ப்யூட்டர் இல்லப்பா. நான்தான். விதிவிலக்கு உண்டான்னு மீட்டிங்ல என்னைத்தான் கேட்டா. எனக்குப் பயம், இல்லைன்னுட்டேன்."

தமிழரசன் ஒன்றுதான் கேட்டானாம். "அன்னிக்கே கேட்டிருந்தா கெடச்சிருக்குமா சார்?"

"கெடச்சிருக்கும்."

அவன் கைத்துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டான். பிறகு லேத்தைப் போட்டுவிட்டான், அந்தச் சத்தத்தில் மேலே பேச வழியில்லை. இவர் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு வேறு பள்ளி தேடி நாங்கள் அலையாத இடம் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு டீச்சர் அவர்கள் வீட்டுக்கே வர ஏற்பாடு செய்தோம். கல்பனா ஒத்துக்கொண்டாள். மஹிமா ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறது, முன்பு போல் வேகம் இல்லை என்கிறாள் கல்பனா. வகுப்பு நடக்கிற நேரத்தில் இவர் எதிர்ச் சாரியில் போய் நின்றுவிட்டு வருகிறார், படியேறுவதில்லை.

தமிழரசன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆனால் அன்றிலிருந்து இவரோடு அவன் தமிழில் பேசுவதில்லை. மற்ற ஆபீசர்களிடம் பேசுவது போல வங்காளத்தில், 'நீங்கள்' என்பதற்கு 'ஆப்னி' போட்டு, மரியாதையாகப் பேசுகிறான். இவர் தமிழில் கேட்டாலும் அவன் வங்காளத்தில்தான் பதில் சொல்கிறான்.