நாலு பெண்களுக்கு ஒரு போர்ஷன்

வீட்டு புரோக்கர் தொழிலில், வீட்டுக்காரர் வாயிலிருந்து ‘சரி’ என்ற ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நீங்களும் என் கட்சிதான்.

துணைக்கு யாரு?

எண்பதுகளின் கடைசி. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிகள் பெண்களைத்தான் வேலைக்கு எடுத்தன. காலை ரயில்களில் தெற்கத்திப் பெண்கள் பெட்டியும் பையுமாக வந்து இறங்க, தாம்பரமே திருவிழா மாதிரி இருக்கும். எனக்குக் கால் தரையில் நிற்காது. அப்படி வந்தவர்கள்தான் சங்கரன்கோவில் முத்துலட்சுமியும் அவள் தோழிகள் மூன்று பேரும். குரோம்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனைக் காட்டினேன். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்ட, நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் ரிடையர்டு ஆபீசர். “கூட ஆம்பளை யாரும்மா?” என்றார். யாருமில்லை என்றதும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முத்துலட்சுமி நிதானமாகக் கேட்டாள்: “வேலைக்கு வந்தது நாங்க. வாடகை குடுக்கதும் நாங்கதான். இதுல ஆம்பளைக்கு என்ன சார் சோலி?”

கேட்டைப் பூட்டணுமாம்

அன்றைக்கே சேலையூரில் எஸ்தர் டீச்சர் வீட்டுப் பின்கட்டு கிடைத்தது. கணவர் இல்லை, ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். டீச்சர் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டியபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். ஓவர்டைம் முடிந்து பெண்கள் இருட்டிய பிறகு வருகிறார்கள் என்று தெருக்காரர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்கள். ஏழு மணிக்கு கேட்டைப் பூட்ட வேண்டுமாம். இல்லையென்றால் காலி செய்யச் சொல்ல வேண்டுமாம். டீச்சர் எல்லாருக்கும் காபி கொடுத்தார். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “என் பொண்ணும் இந்நேரம் நைட் டூட்டிக்குத்தான் கிளம்பிட்டிருப்பா. நான் இங்க பூட்டினா, அங்க அவளுக்கு யாரு கதவு திறப்பாங்க?”

அண்ணன் வந்தான்

ஒரு வருஷம் கழித்து முத்துலட்சுமியின் அண்ணன் முருகேசன் வந்தான். தங்கச்சியைக் கையோடு ஊருக்குக் கூட்டிவரச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார். அவளோ அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். “நான் வரல. நீ வேணா இங்கயே வேலை தேடுண்ணே” என்றுவிட்டாள். ஊரில் மழையில்லை, அவனுக்கும் வேலையில்லை. யோசித்துப் பார்த்துத் தங்கிவிட்டான்.

தையல் கம்பெனிகளில் ஆணுக்கு இடமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றும் வேலை கிடைத்தது. ஆனால் வீடு? பேச்சுலர் என்றதும் கதவைச் சாத்தினார்கள். வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு என்னிடம் கேட்டான்: “பொம்பளப் புள்ளைன்னா ஆம்பளை எங்கன்னு கேக்காவ. ஆம்பளைன்னா பொண்டாட்டி எங்கன்னு கேக்காவ. பின்ன யாருக்குத்தான் அண்ணாச்சி வீடு குடுப்பாவ?”

யார் பொறுப்பு?

இரும்புலியூரில் ஒரு ரூம் காலி என்று காதில் விழுந்ததும் பறந்தோம். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மறித்து, “யார் பொறுப்பு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வேலை முடிந்து நேராக வந்திருந்த முத்துலட்சுமி முன்னால் போய் நின்றாள். “எங்கண்ணன்தான். கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன், நான் பொறுப்பு.” முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா சாவியை அவள் கையில்தான் கொடுத்தார்: “பொண்ணு ஒயுங்கா வேலைக்குப் போய்கினு கீது. அது சொல்றதுக்கோசரம் இவனுக்கு வூடு தரேன்.”

மொத்தத்தில், பிழைக்க வந்த பெண்ணை நம்ப எங்கள் ஊருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது, பிழைக்க வந்த ஆணை நம்ப அந்தப் பெண்ணே வர வேண்டியிருந்தது, நடுவில் எனக்கு இரண்டு ஜோடி செருப்பு போனது.