கறுப்பு பூசிய மூடி

என் வண்டிப் பட்டறை மேசையின் இழுப்பறையில் மூன்று வருடங்களாக ஓர் இரும்பு மூடி கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலெல்லாம் கறுப்புப் பூச்சு. பேனா எடுக்க, டேப் எடுக்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த இழுப்பறையைத் திறப்பேன். ஒவ்வொரு தடவையும் அது உருண்டு முன்னால் வந்து நிற்கும். தூக்கி எறிந்திருக்கலாம். இல்லையென்றால், காட்ட வேண்டியவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். இரண்டுக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை.

காட்ட வேண்டியவர் எங்கள் உபதேசியார். லாபிஸ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் உள்ள சின்னக் கோயில்களுக்கு ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் ஜெபம் சொல்வது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் இவர்தான். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஜெபமாலையும் இருமல் மிட்டாயும் ஒன்றாகக் கிடக்கும். என் மனைவி குளுவாங் மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்திருந்தபோது ஒரு நாள் தவறாமல் வந்து கட்டிலருகே நின்றவர். என் அண்ணன் தம்பிகள்கூட அப்படி வரவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாளாக எனக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

தோட்டத்துச் செம்மண் பாதைக்கு ஈடுகொடுக்க, சிகாமட்டில் ஒரு பழைய ஃபோர்வீல் வண்டி வாங்கி வந்தார். வயதான வண்டி, ஆனால் எலும்பு கெட்டி. வருடக் கடைசி மழை வருமுன் வண்டிகளின் அடிப்பக்கத்துக்குத் தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு அடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். துரு அண்டாது. உபதேசியாரின் வண்டிக்கு நானே, வேறு ஆளை விடாமல், ஒரு முழு நாள் படுத்துக்கிடந்து அடித்தேன். மற்றவர்களுக்கு ஒரு கை என்றால் இவருக்கு மூன்று கை. ஒரு ஊசிமுனை இரும்புகூட வெளியே தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“அலமாக், தம்பி! கீழ நீ மை பூசிட்ட. மேல ஃபாதர் தீர்த்தம் தெளிச்சிட்டாருன்னா இந்த வண்டிக்கு இனி ஒன்னும் வராது லா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் அழைத்து வண்டியின் அடியைக் காட்டினேன்.

ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தார். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றார். இடது பின்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தைப் பற்றி நிறுத்தும் பிரேக் கட்டை முழுக்க எண்ணெய். பின்சக்கரங்களைத் தாங்கும் பின்னச்சிலிருந்து எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் கசிந்திருந்தது. புது வளையம், புதுக் கட்டை போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் அதே சக்கரம், அதே எண்ணெய். எனக்கு மூக்குமேல் கோபம். வளையம் விற்ற குளுவாங் கடைக்காரனைப் போனிலேயே கிழித்தேன். பிறகு வண்டியைத் திட்டினேன். வெள்ளத்தில் முங்கின வண்டியை உங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று உபதேசியாரிடமும் சொன்னேன். என் கையைத் தவிர எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் முறை வந்தபோது வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு ரீங்காரம். பின்னச்சின் நடுவே குடம்போல் தொங்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் அடித்திருகைக் கழற்றினேன். தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய், பால் கலந்த தேநீர்போல வெளுத்து வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. தோட்டத்து ஆற்றைக் கடக்கும்போது புகுந்திருக்கும். ஆனால் எப்படிப் புகுந்தது என்று எனக்குப் புரியவில்லை. இடது பிரேக் கட்டையிலும் மறுபடி எண்ணெய். எண்ணெய் வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. இதை முழுதாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தருவேன் என்றேன்.

அது புனித வியாழன். மறுநாள் பெரிய வெள்ளி. மேட்டுத் தோட்டத்திலிருந்து நான்கு முதியவர்களை மூன்று மணி ஆராதனைக்கு அழைத்து வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஆயாம்மா. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியவர். என்னையும் ஆட்டியவர்.

“இன்னும் ஒரு வருஷம் இருப்பேனோ என்னவோன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க தம்பி. நாளைக்கு ஒரு நாள்தான். சனிக்கிழம கொண்டாந்து விட்டுர்றேன்.”

புதுக் கட்டை சனிக்கிழமைதான் வரும். பழைய கட்டையைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, திரும்ப மாட்டினேன். எண்ணெய் குடித்த கட்டையை என்ன கழுவினாலும் அது உள்ளே வைத்திருப்பதைச் சூட்டில் கக்கும் என்று எந்தப் பட்டறைக்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டிஃபரென்ஷியலுக்குப் புது எண்ணெய் ஊற்றிச் சாவியைக் கொடுத்தபோது அவர் ஒன்றுதான் கேட்டார்.

“பிரேக் பிடிக்குமா தம்பி?”

“பிடிக்கும்.”

இப்போது நினைத்தாலும் அந்தச் சொல்லை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதுதான் பயமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் வானம் இருட்டி, ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தது. பெரிய வெள்ளிக்கென்று ஃபாதர் வந்திருந்தார். கோயிலில் மூன்று மணிக்கு எல்லாரும் முழந்தாளிட்டோம். முன்வரிசையில் அந்த நான்கு பேருக்காக விட்ட இடம் காலியாக இருந்தது. பெரிய வெள்ளியன்று மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் என் பார்வை அந்தக் காலி இடத்துக்குப் போய்வந்தது. சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேட்டுத் தோட்டத்து இறக்கத்தில் உபதேசியார் பிரேக்கை மிதித்திருக்கிறார். வலது பின்சக்கரம் பிடித்தது, இடதுசக்கரம் பிடிக்கவில்லை. ஈரச் செம்மண்ணில் வண்டி குறுக்கே திரும்பி, செம்பனை வரிசைக்கு நடுவே வெட்டியிருந்த ஆழக் கால்வாயில் சாய்ந்தது. மூன்று பேருக்குச் சிராய்ப்பு. உபதேசியாருக்கு முழங்கால் நொறுங்கிப்போனது. ஆயாம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வாரம் கிடந்து இறந்துபோனார்.

இழுத்து வந்த வண்டி என் பட்டறை வாசலில் வெயிலில் கிடந்தது. ஒரு நண்பகலில் அதன் அடியில் படுத்தேன். பின்னச்சின் மேல்பக்கம், டிஃபரென்ஷியலுக்குக் கிட்டே, கறுப்புப் பூச்சில் ஒரு சின்னப் புடைப்பு. திருப்புளியால் சுரண்டினேன். ஸ்ஸ்ஸென்று சூடான காற்று என் முகத்தில் அடித்தது. வெயிலில் விரிந்த காற்று, போக வழியில்லாத மூச்சுபோல உள்ளேயே அடைபட்டிருந்திருக்கிறது. ஓட ஓட அச்சு சூடேறும், உள்காற்று விரியும். அது போய்வரத்தான் அங்கே தளர்வான மூடி போட்ட ஒரு துவாரம் உண்டு. அதை நான் மூன்று கை பூசி அடைத்திருந்தேன். போக வழியில்லாத காற்று வளையத்தைத் தள்ளி எண்ணெயைப் பிரேக்கின் மேல் துப்பியது. சூடான அச்சு ஆற்றில் இறங்கிக் குளிர்ந்தபோது, அதே வளையத்தின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியது. மூடியை நெம்பி எடுத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வராமல் அங்கேயே படுத்திருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பழைய வண்டி என்றார்கள், ஆமாம் என்றேன். அதைவிடக் கேவலம், உபதேசியார் பழியைத் தானே எடுத்துக்கொண்டார். ஆயாம்மாவின் மகன் வீட்டு வாசலில், உடைந்த காலோடு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நின்று அவர் சொன்னதை நான் கேட்டேன்.

“பயத்துல சடாருன்னு மிதிச்சிட்டேன்பா. மெதுவா மிதிச்சிருந்தா உங்கம்மா இருந்திருப்பாங்க. என்னை மன்னிச்சிடு.”

அவரைத் தாங்கிய இருவரில் ஒருவன் நான். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயாம்மாவின் கல்லறைக்குத் தடியூன்றி நடந்துபோனார். வழியில் என் பட்டறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். என்னைக் கைராசிக்காரன் என்று வாடிக்கையாளர்களிடம் புகழ்வார். அவர் குரல் கேட்டாலே நான் ஏதாவது வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் வேறொரு பழைய ஃபோர்வீல் வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உபதேசியார். தோட்டத்து ஆள்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்களாம். சாவியை என் மேசைமேல் வைத்தார்.

“மறுபடியும் ஓட்ட பயமாத்தான் இருக்கு தம்பி. மழைக்கு முன்னால அந்த மாதிரியே கீழ கறுப்பு அடிச்சுக் குடு. உன் கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

இழுப்பறையைத் திறந்தேன். மூடி உருண்டு முன்னால் வந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சு, துவாரம், எண்ணெய், கழுவி மாட்டிய கட்டை, பிடிக்கும் என்ற சொல். அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. அவர் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“எத்தன நாளா இது உங்கிட்ட இருக்கு?”

“மூணு வருஷமாங்க ஐயா.”

“நான் அவங்க கல்லறைக்குப் போயிட்டு வர்றப்பல்லாம் இங்கதான உக்காந்தேன்.”

அவர் திட்டவுமில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மூடியை ஜெபமாலை இருந்த பையில் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, ஆயாம்மாவின் மகன் வீடு இருக்கும் பக்கமாக நடந்தார்.

இன்றோடு எட்டு நாள். வண்டி வாசலிலேயே நிற்கிறது, சாவி மேசைமேல் இருக்கிறது. மழையும் தொடங்கிவிட்டது. பேனா எடுக்க இழுப்பறையைத் திறந்தால் எதுவும் உருண்டு வருவதில்லை. மூடி கிடந்த மூலையில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை மட்டும் இருக்கிறது. வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம், வருவது அவரா, ஆயாம்மாவின் மகனா என்று நிமிர்ந்து பார்க்கிறேன். இப்போது எந்த வண்டியின் அடியிலும் போய்ப் படுத்துக்கொள்வதில்லை.